வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை: போதைப்பொருள் குறித்து அஞ்சும் பெற்றோருக்கு

பிரான்சின் மருந்தகங்களில், வைத்தியரின் சீட்டு இல்லாமலே, சில யூரோ விலையில் வாங்கக்கூடிய சிறு பெட்டி ஒன்று உண்டு. சிறுநீரில் கஞ்சாவின் தடயம் இருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் காட்டுவதாக அதன் மேலுறை கூறுகிறது. ஒரே அட்டையில் கஞ்சாவுடன் கொக்கெய்ன், அம்ஃபெற்றமின், அபின் வகைகள் ஆகியவற்றையும் சோதிக்கும் பெட்டிகளும் விற்பனையில் உள்ளன. மகனின் காற்சட்டைப் பையிலிருந்து நீண்ட சுருட்டுத் தாளை எடுத்த தாய்க்கும், மகளின் புள்ளிகள் ஒரே தவணையில் சரிந்ததைக் கண்ட தகப்பனுக்கும் அந்தப் பெட்டி பெரும் ஆறுதலாகத் தோன்றக்கூடும். பிள்ளையைக் கேட்டால் மறுக்கிறது. உறவினரிடம் சொன்னால் மாலைக்குள் லாச்சப்பல் முழுவதும் அறிந்துவிடும். பெட்டியோ எவரிடமும் பேசாது.

அந்தப் பரிசோதனை எதைக் கூறும், எதைக் கூறாது, சட்டம் அதை எவ்வாறு நோக்குகிறது, சென் தெனியில் வாழும் தமிழ்ப் பெற்றோர் அதற்கு முன்னர் தட்டக்கூடிய கதவுகள் எவை என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

முதலில் ஓர் அளவுகோல். பிரான்சில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள 17 வயதினர் பாதுகாப்பு, குடியுரிமை நாளுக்கு அழைக்கப்படுகின்றனர். அந்நாளில் போதைப்பொருள் பற்றிய தேசிய அவதான நிலையம் பெயர் குறிப்பிடாத வினாக்கொத்தின் மூலம் அவர்களிடம் விவரம் திரட்டுகிறது. வாழ்நாளில் ஒருமுறையேனும் கஞ்சா பாவித்தோர் 2014இல் 47.8 வீதம், 2017இல் 39.1 வீதம், 2022இல் 29.9 வீதம். ஒழுங்காகப் பாவிப்போர் 2022இல் 3.8 வீதத்தினர். பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவர் ஒருமுறையேனும் தொட்டிருக்கின்றனர். நூறு பேரில் நான்கு பேருக்குக் குறைவானோரே அதில் நிலைத்திருக்கின்றனர். பெற்றோர் அஞ்சுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் கூட்டத்தைப் பற்றி. பரிசோதனைப் பட்டியோ இரு கூட்டத்தினரையும் வேறு பிரித்துக் காட்டுவதில்லை.

பட்டி எப்படி இயங்குகிறது

கஞ்சாவில் மயக்கம் தரும் பொருள் கல்லீரலில் உடைந்து வேறொரு கழிவுப் பொருளாக மாறுகிறது. அக்கழிவு உடற்கொழுப்பில் தங்கி, மெல்ல மெல்லச் சிறுநீரில் வெளியேறுகிறது. பட்டி தேடுவது அந்தக் கழிவையே. ஆகவே பிள்ளை இப்போது மயக்கத்தில் இருக்கிறதா, எவ்வளவு புகைத்தது, எத்தனை முறை புகைத்தது, தானாகப் புகைத்ததா நண்பர் வற்புறுத்தியதாலா என்ற எந்தக் கேள்விக்கும் அதனிடம் விடை இல்லை. ஒரு மில்லிலீற்றர் சிறுநீரில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கழிவு உண்டா என்பது மட்டுமே அது விடையளிக்கும் கேள்வி. பல பெட்டிகளில் அந்த எல்லை 50 நானோகிராம்.

கோடுகளை வாசிப்பதில் பலர் தடுமாறுகின்றனர். கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடுகள் தோன்றினால் ‘ஆம்’ என்று பொருள். போதைப்பொருள் பட்டியில் இரண்டு கோடுகள் தோன்றினால் ‘இல்லை’ என்று பொருள். பட்டியில் நிறமேற்றிய பிறபொருளெதிரி பூசப்பட்டிருக்கிறது. சிறுநீரில் கழிவு இல்லாவிடின் அது மேலே நகர்ந்து சோதனைக் கோட்டில் ஒட்டி நிறம் தருகிறது. கழிவு இருந்தால் அதனுடனேயே பிணைந்துவிடுவதால் கோட்டில் ஒட்ட ஏதும் மிஞ்சுவதில்லை; கோடு தோன்றாது. மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலும் முடிவு ‘இல்லை’ என்பதே. கட்டுப்பாட்டுக் கோடே தோன்றாவிடின் அந்தப் பட்டி பழுது. அதை வைத்து எதுவும் முடிவு செய்தல் ஆகாது. பழக்கம் காரணமாக இரண்டு கோடுகளைக் கண்டு பிள்ளையின் மீது பாயும் தகப்பன், குற்றமற்ற பிள்ளையைத் தண்டிக்கிறார்.

அதைவிட ஆழமான சிக்கல் காலக் கணக்கில் இருக்கிறது. ஒரே ஒருமுறை புகைத்தவரின் சிறுநீரில் இரண்டு, மூன்று நாட்கள் தடயம் இருக்கலாம். வாரத்தில் சிலமுறை புகைப்பவரிடம் ஒரு வாரம் வரை. நாள்தோறும் புகைத்தவர் முற்றாக நிறுத்திய பின்னரும் மூன்று, நான்கு வாரங்கள், சில வேளைகளில் அதற்கும் மேலாக, ‘உண்டு’ என்றே பட்டி காட்டும். கொக்கெய்னும் ஹெரோயினும் இரண்டு, மூன்று நாட்களில் மறைந்துவிடுகின்றன.

ஒரு வீட்டில் இதன் விளைவு எப்படி இருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். பதினாறு வயது மகன் தாயின் கண்ணீரைக் கண்டு உண்மையாகவே நிறுத்துகிறான். பதினைந்து நாட்களுக்குப் பின்னர் தகப்பன் சோதிக்கிறார். பட்டி ‘உண்டு’ என்கிறது. மகன் சத்தியம் செய்கிறான், தகப்பன் நம்பவில்லை. அந்த நாளில் அவன் சொன்னது உண்மை. உண்மை சொல்லியும் பொய்யனானவன் மறுபடி நிறுத்துவதற்கு என்ன காரணம் தேடுவான்? மாறாக, சனிக்கிழமை இரவு கொக்கெய்ன் பாவித்த ஒருவன் புதன்கிழமை சோதிக்கப்பட்டால் பட்டி அவனுக்கு நற்சான்றிதழ் வழங்கிவிடும். உண்மையில் ஆபத்தான நிலையில் இருப்பவன் அவன்.

கசகசாவும் இருமல் மருந்தும்

அபின் வகைகளுக்கான பட்டி மோர்ஃபினைத் தேடுகிறது. கோடெய்ன் கலந்த வலி நிவாரணிகளும் இருமல் மருந்துகளும் உடலுக்குள் ஓரளவு மோர்ஃபினாக மாறுவதால் அந்தப் பட்டி ‘உண்டு’ எனக் காட்டும். பதின்ம வயதினர் இம்மருந்துகளைப் பானங்களில் கலந்து குடிக்கத் தொடங்கியதால் 2017 யூலையிலிருந்து பிரான்சில் கோடெய்ன் மருந்துகளை வைத்தியரின் சீட்டின்றி விற்க முடியாது. சீட்டோடு பெற்று முறையாகக் குடித்த பிள்ளையும் பட்டியில் அகப்படும் என்பதை மறக்கலாகாது.

தமிழ்ச் சமையலறைக்குரிய ஒரு குறிப்பும் இங்கு பொருந்தும். குருமாவுக்கு அரைக்கும் கசகசா அபின் செடியின் விதை. அதை அதிகம் உண்டவரின் சிறுநீரில் மோர்ஃபின் தடயம் தென்படலாம். ஐரோப்பியர் பாணிலும் கேக்கிலும் தூவும் கருநிறக் கசகசாவும் அவ்வாறே. இலங்கையில் சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதக்கும் ‘கசகசா’ இதுவன்று. அது துளசி இனத்தைச் சேர்ந்த செடியொன்றின் விதை. அதற்கும் அபினுக்கும் தொடர்பில்லை. ஒரே பெயர் இரு விதைகளுக்கும் வழங்குவதால் தெளிவு வேண்டியிருக்கிறது.

புகையிலைக் கடைகளில் வெளிப்படையாக விற்கப்படும் சே.பே.தே. பொருட்களிலும் 0.3 வீதம் வரை கஞ்சாவின் மயக்கப் பொருள் இருக்கச் சட்டம் இடமளிக்கிறது. அவற்றைப் பாவித்தவரிடமும் பட்டி ‘உண்டு’ எனலாம். இக்காரணங்களால், வீட்டுப் பட்டி தரும் விடையை மருத்துவம் முதற்கட்ட ஐயமாகவே கொள்கிறது. அதை உறுதிசெய்ய ஆய்வுகூடத்தில் நிறப்பகுப்பும் நிறைமாலைப் பகுப்பும் இணைந்த வேறொரு முறை வேண்டும். அதற்கு வைத்தியரே எழுதித் தர வேண்டும்.

பட்டியின் கண்ணில் படாதவை

சென் தெனியின் நடைபாதைகளிலும் பூங்காக்களிலும் சிறு உலோகக் குப்பிகளும், அண்மைக் காலத்தில் பெரிய உருளைகளும் கிடப்பதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். அவை நைதரசன் ஒக்சைட்டு வாயு நிரப்பப்பட்டவை. கிறீம் அடிக்கும் சமையற் கருவிக்காக உண்டாக்கப்பட்டதை இளையோர் பலூனில் நிரப்பி உறிஞ்சுகின்றனர். அவர்கள் பேச்சில் அது ‘ப்ரொத்தோ’ அல்லது ‘பலோன்’. இந்த வாயு உடலிலுள்ள பி12 விற்றமினைச் செயலிழக்கச் செய்து நரம்பையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்குகிறது. கால் விரல்களில் விறைப்பு, நடையில் தள்ளாட்டம் ஆகியன தொடக்க அறிகுறிகள். அவற்றைக் கண்டால் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். 2021 யூன் 1ஆம் திகதிச் சட்டம் இவ்வாயுவைப் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் கொடுப்பதையும் தடைசெய்தது. மருந்தகத்துச் சிறுநீர்ப் பட்டி எதுவும் இதைக் கண்டறியாது.

மின்சிகரெட் திரவத்தில் கலந்து விற்கப்படும் செயற்கைக் கஞ்சாப் பொருட்களும் வழக்கமான கஞ்சாப் பட்டியில் தெரிவதில்லை. இளையோர் ‘பே தே சே’ என அழைக்கும் திரவம் அவற்றுள் ஒன்று. இயற்கைக் கஞ்சாவைவிட இவை பன்மடங்கு கடுமையானவை. மயக்கமும் வலிப்பும் வரலாம். வீட்டில் அடிக்கடி சோதனை நடக்கும் என அறிந்த பிள்ளை, பட்டியில் படாத பொருளுக்கு மாறிவிடும் அபாயம் கற்பனையன்று.

சட்டம் எந்தப் பக்கம்?

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை வீட்டில் சோதிப்பதைத் தனியாகக் குறிப்பிட்டுத் தடைசெய்யும் விதி பிரெஞ்சுக் குடியியல் சட்டக்கோவையில் இல்லை. ஆயினும் அக்கோவையின் 371-1ஆம் உறுப்புரை பெற்றோர் அதிகாரத்தை வரையறுக்கும் விதம் கருத்தூன்றிப் படிக்கத்தக்கது. அவ்வதிகாரம் பெற்றோரின் விருப்பத்திற்காக அன்றி, பிள்ளையின் நலனுக்காகத் தரப்பட்டது. உடல் வன்முறையோ உள வன்முறையோ இன்றி அது செலுத்தப்பட வேண்டும் என்று 2019 யூலை 10ஆம் திகதிச் சட்டம் சேர்த்தது. பெற்றோர் காக்க வேண்டியவற்றின் வரிசையில் பாதுகாப்பு, உடல்நலம், ஒழுக்கம் ஆகியவற்றுடன் பிள்ளையின் அந்தரங்க வாழ்வையும் 2024 பெப்ரவரி 19ஆம் திகதிச் சட்டம் சேர்த்துக்கொண்டது. பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப, அதைப் பற்றிய முடிவுகளில் அதையும் பங்குகொள்ளச் செய்வது பெற்றோரின் கடமை என்றும் அதே உறுப்புரை கூறுகிறது.

இதை வீட்டுக் குளியலறைக்குக் கொண்டுவந்து பார்த்தால் சிக்கல் விளங்கும். சிறுநீரில் தண்ணீர் கலந்தோ, மிகுதியாகத் தண்ணீர் குடித்தோ பட்டியை ஏமாற்றலாம். அதைத் தடுக்க ஒரே வழி, பிள்ளை சிறுநீர் கழிக்கும்போது அருகில் நின்று பார்ப்பது. பதினைந்து வயது மகளுக்கோ மகனுக்கோ அது இழைக்கும் அவமானம் எளிதில் ஆறாது. நின்று பார்க்காவிடின் விடையை நம்ப முடியாது. நின்று பார்த்தால் உறவை இழக்க நேரும். பிள்ளைக்குத் தெரியாமல் சிறுநீரை எடுத்துச் சோதிப்பதும் தீர்வாகாது: விடை எதுவாயினும் அதைப் பேசத் தொடங்கும் கணத்திலேயே களவு வெளிப்பட்டுவிடும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் பதின்ம வயதினரை அவர்களின் சம்மதமின்றிச் சோதிப்பதை 1996இலேயே எதிர்த்தது. 2007இல் வீட்டுப் பரிசோதனை குறித்தும் தனியாக எச்சரித்தது.

சோதனைக்கு இடமே இல்லை என்பதன்று. சிகிச்சையில் இருக்கும் பிள்ளை தானே இணங்கி, வைத்தியரின் மேற்பார்வையில் செய்யும் பரிசோதனைக்குப் பயன் உண்டு. “வீட்டில் சோதிப்பார்கள், எனக்கு வேண்டாம்” என்று நண்பர்களிடம் சொல்லித் தப்பிக்க விரும்பும் பிள்ளைகளும் சிலர் உளர். அவ்வாறு பிள்ளையே கேட்டால் மறுக்கத் தேவையில்லை.

வீட்டுப் பரிசோதனையின் விடையைப் பெற்றோர் பொலிஸுக்கோ பாடசாலைக்கோ அறிவிக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. பிள்ளையின் பையில் கண்டெடுத்த பொருளைச் சாட்சியாக அலுமாரியில் பூட்டி வைப்பது மட்டும் வேண்டாம். வைத்திருத்தல் யார் கையிலாயினும் குற்றமே. போதைப்பொருள் பாவனைக்கு ஓராண்டு வரை சிறையும் 3750 யூரோ வரை அபராதமும் விதிக்கப்படலாம். இத்தண்டனைகளுக்கு அடிப்படை 1970 டிசம்பர் 31ஆம் திகதிச் சட்டம். தெருவிலேயே விதிக்கப்படும் 200 யூரோ அபராத முறை பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பொருந்தாது. அவர்களுக்கு இளையோருக்கான தனி நீதி நடைமுறை உண்டு. தண்டனையை வகுத்த அதே 1970ஆம் ஆண்டுச் சட்டம், தானாக முன்வந்து சிகிச்சை நாடுபவர் தம் பெயரை மறைத்து வைக்கும்படி கேட்கும் உரிமையையும் வழங்கியது. தமிழ்க் குடும்பங்களில் முதற்பாதி பரவலாக அறியப்பட்டிருக்கிறது. இரண்டாம் பாதியை அறிந்தோர் குறைவு.

தட்ட வேண்டிய கதவு

2004ஆம் ஆண்டிலிருந்து பிரான்ஸ் முழுவதும் ‘கொன்சுல்த்தசியோன் ஜன் கொன்சொமத்தர்’ எனப்படும் இளம் பாவனையாளர் ஆலோசனை நிலையங்கள் இயங்குகின்றன. சுருக்கமாக ‘சே ஜி சே’ என்பர். 12 முதல் 25 வயது வரையுள்ளோருக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் உரியவை, கட்டணம் இல்லை, கூறுவது வெளியே செல்லாது. கஞ்சா மட்டுமன்றி மதுபானம், ப்ரொத்தோ, காணொளி விளையாட்டு ஆகியவற்றுக்கும் அங்கு இடமுண்டு. பெற்றோருக்கு மிகவும் பயன்படும் செய்தி இது: பிள்ளை வர மறுத்தாலும் தாயோ தகப்பனோ தனியாகச் செல்லலாம். முதற் சந்திப்புகள் பெற்றோருடன் மட்டும் நடந்து, பிள்ளை பின்னர் வந்து சேர்வதும் உண்டு.

அருகிலுள்ள நிலையத்தை அறிய ‘த்ரோக் அன்ஃபோ செர்விஸ்’ என்னும் அரச தொலைபேசிச் சேவையை 0 800 23 13 13 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நாள்தோறும் காலை 8 மணியிலிருந்து அதிகாலை 2 மணி வரை இயங்குகிறது, அழைப்பு இலவசம். பிள்ளைக்கே நேரடியாகக் கொடுக்கத்தக்கது 0 800 235 236, ‘ஃபில் சாந்தே ஜன்’. லாச்சப்பலுக்குக் கடைக்குச் செல்வோர் நாளும் கடந்துபோகும் ஃபெர்னோன் விடால் வைத்தியசாலையிலும், ஃபோபூர் சென் தெனி வீதி 200ஆம் இலக்கத்தில், போதைப் பாவனைக்கான மருத்துவப் பிரிவு உண்டு. மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் எனில் ஆலோசனை நிலையத்தைத் தேடாமல் உடனே 15ஐ அழைக்க வேண்டும். பிள்ளை எதைப் பாவித்தது என்பதை அவசர மருத்துவரிடம் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். அவர் தொழில் இரகசியத்தால் கட்டுப்பட்டவர்.

ஓசையின்றித் தொடங்க விரும்புவோருக்குக் குடும்ப வைத்தியரே போதும். 11 முதல் 13 வயதிற்குள் ஒன்றும், 15 முதல் 16 வயதிற்குள் ஒன்றுமாகப் பதின்ம வயதினருக்கு இரு கட்டாய மருத்துவப் பரிசோதனைகள் உள்ளன. செலவு முழுவதையும் மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. அச்சந்திப்பில் வைத்தியர் பிள்ளையுடன் சிறிது நேரம் தனியே பேசக் கேட்டால், பெற்றோர் வெளியே சென்று காத்திருப்பது நன்று. பிள்ளை தன்னிடம் கூறியதை வைத்தியர் பெற்றோரிடம் சொல்ல மறுக்கவும் சட்டம் சில நிலைமைகளில் இடமளிக்கிறது. அதைப் பெற்றோருக்கு எதிரான சதியாகக் கொள்ளத் தேவையில்லை. பிள்ளை உண்மை பேசக்கூடிய ஓரிடமாவது எஞ்சியிருக்கிறது என்று கொள்ளலாம்.

உதவி நாடினால் பிள்ளையை அரசு எடுத்துக்கொண்டுவிடும் என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. பிள்ளை கஞ்சா புகைக்கிறது என்று ஆலோசனை கேட்பது பிள்ளையைப் பிரிப்பதற்குரிய காரணமன்று. அடிப்பது, அறையில் பூட்டுவது ஆகியவையே சிறுவர் பாதுகாப்புச் சேவையை வீட்டுக்கு வரவழைக்கும். ஊருக்கு அனுப்பிவிட்டால் திருந்திவிடும் என்போரும் உளர். கேரளக் கஞ்சா வடகரையோரத்தில் பிடிபட்ட செய்திகளை யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் வாசித்து வருபவர்கள் அந்த நம்பிக்கையை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

இறுதியாக மொழி. குடியேறிய குடும்பங்களில் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர்: வதிவிட அனுமதி அலுவலகத்தில், வங்கியில், வைத்தியரிடத்தில். இந்த ஒரு சந்திப்பில் அது கூடாது. தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை தாயின் அழுகையைக் குறைத்துச் சொல்லும். வைத்தியரின் எச்சரிக்கையையும் குறைத்துச் சொல்லும். அதன் தம்பியோ தங்கையோ அந்த இடத்தில் அமர்வதும் தகாது. மருத்துவத் துறையில் மொழிபெயர்ப்புச் சேவையை 2016 சனவரி 26ஆம் திகதிச் சட்டம் அங்கீகரித்துள்ளது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் தொலைபேசி வழியாகவும் இணையலாம். நேரம் ஒதுக்கும்போதே ‘அன்தெர்ப்ரெத் அன் தமூல்’ வேண்டும் என்று கேட்க வேண்டும். சந்திப்பு நாளன்று கேட்டால் ஒழுங்கு செய்வது கடினம். தெரிந்தவர் குரலாக இருந்துவிடுமோ எனத் தயங்குவோர், தம் பெயரைச் சொல்லாமல் மொழிபெயர்க்கும்படி ஆலோசகரிடம் முன்கூட்டியே தெரிவிக்கலாம்.